சைக்காலஜி படிக்கக் கடன் வாங்கலாமா, வாங்கினால் எந்தப் படியில்?

போன மாதம் அக்கா திண்டுக்கல்லிலிருந்து வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே வீட்டுப் பத்திரம். மகள் பிளஸ் டூவில் 541 எடுத்திருக்கிறாள், சைக்காலஜிதான் படிப்பேன் என்று நிற்கிறாள், சென்னையில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, ஹாஸ்டலோடு வருஷத்துக்கு 3 லட்சம், பேங்கில் பத்திரம் கேட்கிறார்கள். "நீதான் இந்தப் படிப்பைப் படிச்சவ, கையெழுத்துப் போடலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே கையெழுத்தை எங்கள் அப்பா எனக்காகப் போட்டிருக்கிறார். அதனால் அக்கா, அவள் மகள், நான் என மூன்று பேரும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ரிசல்ட் வந்த கையோடு இதே கேள்வியைச் சுமந்துகொண்டு அலையும் வீடுகள் நிறைய இருக்கும், அவர்களுக்கு உதவட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்காலஜிக்குக் கடன் வாங்குவது தப்பில்லை, முதல் பட்டத்துக்கு வாங்குவதுதான் தப்பு. ஏன் என்று புரிய, இந்தத் துறையில் சம்பளம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். நர்சிங் முடித்தால் நர்ஸ், இன்ஜினியரிங் முடித்தால் இன்ஜினியர். பி.எஸ்ஸி சைக்காலஜி முடித்தால் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. 3 வருஷம் பி.எஸ்ஸி, 2 வருஷம் எம்.எஸ்ஸி, அதற்கு மேல் மனநோய் உள்ளவர்களைப் பார்க்கும் கிளினிக்கல் பக்கம் போக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில், நாங்கள் எல்லாரும் ஆர்.சி.ஐ என்று சொல்வோம், அது அங்கீகரித்த பயிற்சி. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் யார் என்று எழுதி வைத்திருக்கிறது: ஆர்.சி.ஐ ஏற்ற தகுதி இருக்க வேண்டும், அல்லது சைக்காலஜியில் முதுகலை முடித்து, மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் 2 வருஷ முழுநேர எம்.ஃபில் முடித்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 7 வருஷம். பதினெட்டு வயதில் சேருகிற பெண்ணுக்கு அந்தத் துறையின் முழுச் சம்பளம் கையில் வர இருபத்தைந்து, இருபத்தாறு ஆகிவிடும். ஆனால் முதல் பட்டத்துக்கு வாங்கிய கடனின் ஈ.எம்.ஐ அதுவரை காத்திருக்காது.

நான் மாட்டியது இங்கேதான். 4 லட்சம் கடனில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி படித்தேன். அட்மிஷன் போடும் இடத்தில் இருந்தவர் "முடிச்சதும் கவுன்சிலரா போகலாம், மாசம் அம்பதாயிரம்" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார், அப்பா நம்பினார். முடித்ததும் கிடைத்தது ஒரு ஆள் எடுக்கும் கம்பெனியில் ரெக்ரூட்டர் வேலை. சம்பளம் 14,000, ஈ.எம்.ஐ கிட்டத்தட்ட 7,000. எம்.எஸ்ஸி சேர வேண்டும் என்று ஒவ்வொரு ஜூனிலும் நினைப்பேன், வேலையை விட்டால் ஈ.எம்.ஐயை யார் கட்டுவது என்று ஒவ்வொரு ஜூலையிலும் விட்டுவிடுவேன். ஐந்து வருஷம் அப்படியே போனது. அதே காலத்தில் அரசுக் கல்லூரியில் படித்த என் சிநேகிதி அந்த ஐந்து வருஷத்தில் எம்.எஸ்ஸியும் எம்.ஃபிலும் முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். அவள் என்னைவிட புத்திசாலி என்று நான் சொல்ல மாட்டேன், அவளுக்கு மாசம் 5ஆம் தேதி பயம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அக்கா மகளின் கணக்கு. முதல் வழி, அந்தத் தனியார் பல்கலைக்கழகம். வருஷத்துக்கு 3 லட்சம் வீதம் 9 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்று பேங்க் சொல்லும், கேட்க இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் வருஷம் வாங்கிய 3 லட்சத்துக்கு 4 வருஷ வட்டி 1,20,000, இரண்டாம் வருஷத்ததுக்கு 90,000, மூன்றாம் வருஷத்ததுக்கு 60,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் 9 லட்சம் 11 லட்சத்து 70 ஆயிரமாக நிற்கும். 10 வருஷத்தில் கட்டினால் மாசம் சுமார் 15,460. 15 வருஷமாக இழுத்தால் சுமார் 12,570, ஆனால் மொத்தம் கட்டுவது 22 லட்சத்தைத் தாண்டிவிடும். அக்கா அந்த எண்ணை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இரண்டு தடவை எழுதிப் பார்த்தாள்.

அப்புறம் எதிர்ப்பக்கம், சம்பளம். வேலை விளம்பரங்களையும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் வாங்குவதையும் வைத்துச் சொல்கிறேன், சென்னையில் வெறும் பி.எஸ்ஸி சைக்காலஜிக்கு ஹெச்.ஆர், ரெக்ரூட்மெண்ட், சிறப்புக் குழந்தைகளுக்கு வகுப்பில் பக்கத்திலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் என்று போனால் தொடக்கம் 15,000 முதல் 22,000 வரை. அதில் 15,460 ஈ.எம்.ஐ போனால் மீதியில் ஹாஸ்டல் வாடகைகூடத் தேறாது. அப்பா அம்மாதான் கட்டுவார்கள், அதாவது மகள் பெயரில் வாங்கிய கடனை அக்காவும் மாமாவும் ஓய்வு பெறும் வயதில் கட்டுவார்கள். எம்.எஸ்ஸி சேர்ந்தால் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், சில பேங்குகள் ஒத்துக்கொள்ளும், ஆனால் அந்த 2 வருஷத்துக்கு இன்னும் 1,80,000 வட்டி ஏறி 13 லட்சத்து 50 ஆயிரமாக நிற்கும். எம்.எஸ்ஸி ஃபீஸ் இதில் சேரவில்லை. எம்.ஃபில் பயிற்சியும் சேரவில்லை.

இரண்டாவது வழி, அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி. சென்னை மாநிலக் கல்லூரியில் உளவியல் துறை இருக்கிறது. மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகளிலும் இருக்கிறது, ஆனால் அங்கே உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று பார்த்துக் கேட்க வேண்டும், ஒரே கேட்டுக்குள் இரண்டு ஃபீஸ் இருக்கும். அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். 6ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். செலவு என்றால் தங்குவதும் சாப்பிடுவதும்தான். மாசம் 8,000 என்று வைத்தால்கூட 3 வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்குள் அடங்கும், அதுவும் மாசாமாசம் போவது, வட்டி இல்லாதது.

இந்த வழியில் குறை இல்லையா என்றால் இருக்கிறது. இடம் குறைவு, வெளியூர்ப் பிள்ளைக்கு ஹாஸ்டல் கிடைப்பது பாடு. தனியார் இடத்தில் உள்ள டெஸ்ட் கிட்டுகள், இன்டர்ன்ஷிப் தொடர்புகள், இங்கிலீஷில் பேசும் பழக்கம், இதெல்லாம் நிஜமான வசதிகள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கா மகள் இதைத்தான் கேட்டாள்: "சித்தி, நல்ல காலேஜ்ல படிச்சா அடுத்த படிக்கு ஈஸியா இருக்காதா?" நியாயமான கேள்வி. ஆனால் கிளினிக்கல் பயிற்சிக்கு இடம் கொடுப்பவர்கள் கேட்டது முதுகலையில் 55 சதவீத மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் தேர்வறையில் பக்கத்து மேஜைக்காரி எவ்வளவு ஃபீஸ் கட்டிப் படித்தவள் என்று தாளுக்குத் தெரியாது. முதல் பட்டத்தில் கட்டும் கூடுதல் 6 லட்சத்துக்கு அந்த அறையில் மதிப்பு ரொம்பக் குறைவு.

இந்தக் கடைசிப் படியில்தான் பணம் வேலை செய்கிறது. நிம்ஹான்ஸ், ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனம் மாதிரி அரசு இடங்களில் கிடைத்தால் கொடுப்பினை, ஆனால் சீட்டுகள் கொஞ்சம், நாடு முழுவதும் போட்டி. தனியார் இடங்களில் 2 வருஷத்துக்கு ஆறேழு லட்சம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு 6 லட்சம் கடன் வாங்கினால்? அதே முறையில் போட்டால் தவணை தொடங்கும் நாளில் 7 லட்சத்து 50 ஆயிரம், 10 வருஷத்துக்கு மாசம் சுமார் 9,910. அப்போது ஆர்.சி.ஐ பதிவு எண் கையில் இருக்கும். பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு என் வட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிகள் தொடக்கத்திலேயே 35,000 முதல் 50,000 வரை கொடுக்கின்றன. கிட்டத்தட்ட அதே பேங்க், அதே வட்டி, ஆனால் ஒன்று கழுத்தை நெரிக்கிறது, இன்னொன்று கட்டக்கூடியதாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இந்தப் படிகளே இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி எம்.ஃபில்லை நிறுத்திவிட்டது, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கை நீட்டித்தது. ஆர்.சி.ஐ 2024-25இல் 4 வருஷ பி.எஸ்ஸி கிளினிக்கல் சைக்காலஜி ஹானர்ஸ் என்ற புதுப் படிப்பைக் கொண்டுவந்தது, சை.டி (Psy.D) என்று சொல்லும் தொழில்முறை முனைவர் படிப்பும் உண்டு. அதனால் எந்தக் கல்லூரியும் "எங்கள் படிப்புக்கு ஆர்.சி.ஐ இருக்கிறது" என்றால் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம், ஆர்.சி.ஐ இணையதளத்தில் அந்தக் கல்லூரி பெயர், படிப்பின் பெயர், எந்த வருஷம் வரை அனுமதி, மூன்றையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கிளினிக்கல் அல்லாத சைக்காலஜிஸ்டுகள் 2021ஆம் வருஷத்து துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள். அதை ஒட்டித்தான் யு.ஜி.சி 2025இல் சைக்காலஜியை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில் எம்.ஏ முடித்துவிடலாம் என்று எங்கள் காலத்தில் ஒரு மலிவான கதவு இருந்தது. இப்போது யாராவது "டிஸ்டன்ஸில் சைக்காலஜி, உடனே சேருங்கள்" என்று போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி, பி.எஸ்ஸி முடித்துவிட்டு பிரிட்டனில் ஒரு வருஷ எம்.எஸ்ஸி. மாமாவுக்கு இதில் ஆசை இருந்தது, அவர் நண்பரின் மகன் போயிருக்கிறான். ஃபீஸ் 18,000 பவுண்டு, லண்டனுக்கு வெளியே தங்கிச் சாப்பிட 12,000, பவுண்டு 115 ரூபாய் என்று போட்டால் 34 லட்சத்து 50 ஆயிரம். வீசா, ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் தனி. 35 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 2 வருஷம் கழித்துத் தவணை தொடங்கினால் 42 லட்சத்து 70 ஆயிரம் நிற்கும், 10 வருஷத்துக்கு மாசம் 58,800 ரூபாய். அங்கேயே வேலை கிடைத்தால் கட்டிவிடலாமே என்பார்கள். அங்கே அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்ஸில் உதவி சைக்காலஜிஸ்ட் வேலை பெரும்பாலும் பேண்ட் 4 அல்லது 5 என்ற சம்பளப் படிநிலை, பேண்ட் 4இன் தொடக்கச் சம்பளம் 2025-26இல் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 27,485 பவுண்டு. வரி, பென்ஷன் பிடித்தம் போகக் கையில் மாசம் 1,800 பவுண்டுச் சொச்சம் வரும், அதில் 500 பவுண்டுக்கு மேல் இங்கே ஈ.எம்.ஐக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலைகளுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளே நூற்றுக்கணக்கில் விண்ணப்பிக்கிறார்கள். படித்த பின் தங்கி வேலை தேடத் தரும் வீசாவும் 2027 ஜனவரி 1க்குப் பின் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. திரும்பி வந்தால், அந்த ஒரு வருஷ எம்.எஸ்ஸியை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட முடியாது. உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகட்டும். வீட்டை வைத்துப் போவதென்றால் நான் வேண்டாம் என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைக்காலஜி படிப்புக்குக் கடன் வாங்கலாமா என்று தேடினால் வருவதெல்லாம் பிரிட்டன், அமெரிக்கக் கணக்குகள். அவற்றைப் படித்துவிட்டுத்தான் அக்கா மகள் "சித்தி, அங்கல்லாம் எல்லாரும் லோன்லதான் படிக்கிறாங்க" என்றாள். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டுக்குப் பின் பட்டப்படிப்பில் சேர்ந்த பிள்ளை, வருஷ சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான், அதுவும் தாண்டிய தொகையில் 9 சதவீதம்தான் கட்டும். வேலை போனால் தவணையும் நிற்கும், 40 வருஷத்தில் மீதி தள்ளுபடி. அந்தக் கடன் சம்பளத்தைப் பார்த்து நடந்துகொள்கிறது. நம்ம ஊர்க் கடன் சம்பளத்தைக் கேட்பதே இல்லை. மூன்று தவணை தவறினால் வாராக்கடன், சிபில் மதிப்பெண் கீழே போகும், ஜாமீன் போட்ட அப்பாவுக்குப் போன் வரும். அமெரிக்க அரசுப் புள்ளிவிவரத்தில் சைக்காலஜிஸ்டின் இடைநிலைச் சம்பளம் 2024இல் ஆண்டுக்கு 94,310 டாலர் என்று பார்த்து மலைத்துப் போகவும் வேண்டாம். அது பெரும்பாலும் முனைவர் பட்டமும் உரிமமும் வாங்கியவர்களின் தொகை, முதல் பட்டத்தோடு நிற்பவர்களுடையதில்லை.

பேங்க் விஷயத்தில் சில எண்களைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சு மாறும். 4 லட்சம் வரை பொதுவாக ஈடு கேட்கக் கூடாது, கைப்பணமும் போட வேண்டியதில்லை. 7 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டினால்தான் பத்திரம். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் ஈடும் ஜாமீனும் இல்லாமலே கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்காதவர் என்றால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்கும். அக்கா வைத்திருந்த கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை, அதனால்தான் மஞ்சப்பை. வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். பழைய வரி முறையில் இருந்தால்தான் அது கிடைக்கும், அதோடு மாசம் 20,000 சம்பளக்காரிக்கு வரியே வராதபோது எதிலிருந்து சலுகை? படிக்கும்போதே மாசாமாசம் வட்டியை மட்டும் கட்டிவிட முடிந்தால் கட்டுங்கள், அந்த 11 லட்சத்து 70 ஆயிரம் 9 லட்சத்திலேயே நிற்கும். இதைவிடப் பெரிய சலுகையை எந்த பேங்கும் தராது.

வருமானத்தைப் பற்றி ஒரு விஷயம் வெளியில் தெரிவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்களே, நாளைக்கு ஐந்து பேர் என்றால் ஆறாயிரம் ஆயிற்றே என்று மாமா கணக்குப் போட்டார். என் பழைய டைரியை எடுத்துக் காட்டினேன். கிளினிக் ஒன்றில் பங்கு முறையில் உட்கார்ந்த முதல் வருஷம் அது. 1,200இல் கிளினிக்குக்கு 40 சதவீதம் போய் எனக்கு 720. ஒரு வாரப் பக்கத்தில் பதினோரு பெயர், அதில் நான்கின் மேல் கோடு, வரவில்லை. ஒன்றின் பக்கத்தில் 'அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி வர மாட்டாள்' என்று எழுதியிருக்கிறேன். அந்த மாசம் நடந்தது 27 அமர்வு, கையில் வந்தது 19,440. இரண்டாம் வருஷம் மாசம் ஐம்பது ஆனது, 36,000. மேலே போகும், நிச்சயமாகப் போகும், ஆனால் மெதுவாக, ஒவ்வொருவரின் நம்பிக்கையாகச் சேர்ந்து போகும். பரீட்சை மாசத்திலும் தீபாவளி மாசத்திலும் பாதியாகக் குறையும். ஈ.எம்.ஐக்குப் பயந்து, இன்றைக்குப் போதும் என்று சொல்ல வேண்டிய ஒருவரை அடுத்த வாரமும் வரச் சொல்லிவிடுவோமோ என்ற எண்ணம் அந்த நாட்களில் எனக்கு வந்திருக்கிறது. அதற்காகவாவது கடன் குறைவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேலை வாய்ப்பு கூடிக்கொண்டுதான் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சி.பி.எஸ்.இ பள்ளிகளில் கவுன்சிலர் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. 100 மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, அந்த 14416 எண், அதிலும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே எம்.ஏ, எம்.எஸ்ஸி, எம்.எஸ்.டபிள்யூ முடித்தவர்களைத்தான் முதலில் கூப்பிடும்.

யாருக்குத் தனியார் கல்லூரி சரி வரும்? வீட்டில் சேமிப்பிலிருந்தே கட்ட முடிகிறவர்களுக்கு. கிளினிக்கல் வேண்டாம், பி.எஸ்ஸி முடித்து எம்.பி.ஏ ஹெச்.ஆர் போகிறேன், அல்லது மார்க்கெட் ரிசர்ச் பக்கம் போகிறேன் என்று தெளிவாக இருந்து, கடனும் 4 லட்சத்துக்குள் நிற்கிறவர்களுக்கு. சொந்த ஊரில் அரசுக் கல்லூரியில் சைக்காலஜி இல்லை, பெண்ணை வெளியூர் அனுப்பவும் வழியில்லை என்கிற வீடுகளும் இருக்கின்றன, அவர்கள் உள்ளூரில் குறைந்த ஃபீஸ் கல்லூரியைத் தேடட்டும், பெயரைத் தேட வேண்டாம்.

இரண்டாம் ராத்திரி முடியும்போது அக்கா மகள் முகம் வாடித்தான் இருந்தது. அந்தக் கேம்பஸைப் பார்த்துவிட்டு வந்தவள், அங்கே ஒரு டெஸ்டிங் லேப் இருக்கிறதாம், ஒருவழிக் கண்ணாடியோடு. அவளுக்கு அந்தக் கண்ணாடி மேல் ஆசை, எனக்குப் புரிந்தது, என் பயிற்சியில் முதல் தடவை அப்படி ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நின்றபோது எனக்கும் நெஞ்சு அடித்தது. அதை அவளிடம் சொன்னேன், அப்போது எனக்கு முப்பது வயது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று கேட்டாள். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்தான். மாநிலக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டாள், இரண்டாவது விருப்பத்துக்கு அவளும் அக்காவும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சப்பை அக்காவோடு திண்டுக்கல் திரும்பிப் போய்விட்டது, பத்திரம் உள்ளேயே இருக்கிறது, எம்.எஸ்ஸி முடித்து அவள் வந்து கேட்டால் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.